காஞ்சனை எங்கே போனாள்? – அமானுடச் சிறுகதைகளைக் கற்பதும் கற்பிப்பதும்

முன்னுரை

தமிழ்ச் சிறுகதையைக் கற்பிக்கும் நாம் பெரும்பாலும் நடப்பியல் கதைகளையே வகுப்பறைக்கு எடுத்துச் செல்கிறோம். வறுமை, குடும்பச் சிக்கல், தோட்டத் தொழிலாளர் வாழ்வு, தலைமுறை இடைவெளி ஆகியன நம் பாடத்தேர்வில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் பொருள்கள். பேய், தெய்வம், மாயம், எதிர்காலக் கற்பனை ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட கதைகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டுவது அரிது. இதற்கு இரண்டு காரணங்கள் வெளிப்படையாகக் கூறப்படுகின்றன. அவை பொழுதுபோக்குக்கு உரியவை என்பது ஒன்று. மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது மற்றொன்று. கூறப்படாத மூன்றாவது காரணமும் உண்டு. கருப்பொருள், பாத்திரப்படைப்பு, பின்னணி, உத்தி, படிப்பினை என்று நாம் வகுத்து வைத்திருக்கும் வாய்பாட்டுக்குள் இக்கதைகள் எளிதில் அடங்குவதில்லை. குறிப்பாக, படிப்பினை என்னும் இடத்தில் அவை நம்மைக் கைவிட்டுவிடுகின்றன.

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை முதன்மையாகக் கொண்டு, இத்தகைய கதைகளைச் சுவைப்பது எவ்வாறு, அவற்றை மாணவருக்குப் பரிந்துரைக்க வேண்டியது ஏன் என்னும் இரு வினாக்களுக்கு இக்கட்டுரை விடைகாண முயல்கிறது. இக்கதையைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்னும் முறையிலும், அதிற் சில ஆண்டுகள் தவறாகக் கற்பித்தவன் என்னும் முறையிலும் இதனை எழுதுகிறேன்.

அச்சமும் மருட்கையும்

அமானுடக் கதைகள் மேலைநாட்டிலிருந்து வந்த இறக்குமதி என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. சிறுகதை என்னும் வடிவத்தைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். சுவையைப் பொறுத்தவரை இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறார். அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. பேய், பூதம் முதலியவற்றை உரையாசிரியர்கள் அணங்கின்பாற் படுத்துவர். இந்த நிரலை உற்றுநோக்குதல் வேண்டும். காட்டு விலங்கும், வழிப்பறி செய்யும் கள்வனும், தண்டிக்கும் அரசனும் எத்துணை உண்மையோ அத்துணை உண்மையாக அணங்கும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளது. அணங்கு உண்டா இல்லையா என்னும் வினாவைத் தொல்காப்பியர் எழுப்பவில்லை. அஞ்சுபவனின் மெய்யில் அச்சம் தோன்றுகிறதா என்பதே அவர்க்குரிய வினா.

மருட்கை என்னும் வியப்புக்கும் அவர் நான்கு நிலைக்களன்கள் கூறுகிறார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் இந்நான்கும் அறிவு முழுமையாக நின்று நிலைபெற முடியாத இடத்தில் தோன்றுவன. இன்று மாயக்கதை, அறிவியல் புனைகதை, விந்தைக்கதை என்று பலவாறு பெயரிட்டு அழைக்கப்படுவனவற்றுள் பெரும்பகுதியை இந்நான்கனுள் அடக்கிவிடலாம். முன் கண்டறியாதது புதுமை. அளவிறந்து நிற்பது பெருமை. எதிர்பாராத நுண்மை சிறுமை. ஒன்று மற்றொன்றாக மாறுவது ஆக்கம்.

பிரெஞ்சு மொழியில் எழுதிய திறனாய்வாளர் ட்ஸ்வெட்டன் தொதொரோவ் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வகை இலக்கியத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். இயற்கைக்கு மாறான நிகழ்வொன்றை எதிர்கொள்ளும் பாத்திரமோ வாசகரோ, ‘இது மனமயக்கமா, உண்மையா’ என்று முடிவுசெய்ய இயலாமல் தயங்கும் காலம்வரையில்தான் மாயப்புனைவு நிலைக்கிறது என்பது அவர் கொள்கை. மனமயக்கம் என்று முடிவுசெய்தால் கதை விநோதமாகிவிடும்; உண்மை என்று முடிவுசெய்தால் அற்புதமாகிவிடும். அவர் கூறும் மற்றொரு கருத்து ஆசிரியர்களாகிய நமக்கு மிக இன்றியமையாதது. அந்நிகழ்வை உருவகமாகக் கொண்டு, ‘பேய் என்பது உண்மையில் இன்னதைக் குறிக்கிறது’ என்று பொருள்கூறும் கணத்திலும் தயக்கம் அழிந்துவிடும். நாம் வகுப்பறையில் தேடும் படிப்பினை பெரும்பாலும் இத்தகைய உருவகப் பொருள்தானே?

காஞ்சனை: கதையும் சொல்லுபவனும்

1943ஆம் ஆண்டு வெளிவந்த ‘காஞ்சனை’யின் கதைப்போக்கு எளிமையானது. எழுத்தாளன் ஒருவன் உறக்கம் பிடிக்காத ஓரிரவில் காரணம் தெரியாத துர்நாற்றத்தையும், தொடர்ந்து நறுமணத்தையும் உணர்கிறான். பிச்சை கேட்டு வந்த பெண்ணொருத்தியை அவன் மனைவி வீட்டு வேலைக்கு அமர்த்திக்கொள்கிறாள். அவள் பெயர் காஞ்சனை. அவளுடைய கால்கள் தரையில் பாவவில்லை என்பது கணவனுக்குத் தெரிகிறது. மறுபடி பார்க்கும்போது பாவியிருக்கின்றன. ஓரிரவு மனைவியின் கழுத்தில் குருதியைக் காண்கிறான். நள்ளிரவுத் தெருவில் வந்த ஒருவன் திருநீறு கொடுத்து, இனி அவள் வரமாட்டாள் என்று கூறிச் செல்கிறான். காலையில் காஞ்சனை இல்லை. மனைவியோ ஆண்கள் அனைவரையும் சேர்த்து ஒரு சொல்லால் குறைகூறுகிறாள். அதற்கு விடைகூற இயலாமல் கணவன் நிற்பதோடு கதை முடிகிறது.

இக்கதையில் முதலில் கவனிக்கத்தக்கவன் அதனைச் சொல்லுபவன். தொடக்கத்திலேயே அவன் தன் தொழிலை நமக்கு அறிமுகப்படுத்துகிறான். சரடுவிட்டுப் பிழைப்பவன், சமூகம் ஏற்றுக்கொண்ட பொய்யைச் சொல்லுபவன் என்று தன்னைத்தானே எள்ளிக்கொள்கிறான். ஒரு வழக்கின் ஒரே சாட்சி கூண்டில் ஏறிய உடனே தான் பொய் சொல்லிப் பிழைப்பவன் என்று கூறினால் நாம் என்ன செய்வோம்? கால் பாவாமை, குருதி, திருநீறு தந்தவன் ஆகிய அனைத்துக்கும் இவனே சாட்சி. நகைச்சுவை போலத் தோன்றும் அந்தத் தற்கூற்றுத்தான் கதையின் அடித்தளம். புதுமைப்பித்தனின் எள்ளலைத் தனியாகவும் அச்சத்தைத் தனியாகவும் பிரித்துப் பாராட்டும் வழக்கம் இங்குப் பொருந்தாது. எள்ளலே அச்சத்துக்கு வழிவிடுகிறது.

அடுத்துக் கவனிக்கத்தக்கவள் மனைவி. நறுமணத்தை அவளும் உணர்கிறாள். பக்கத்தில் யாரேனும் ஊதுவத்தி ஏற்றியிருப்பார்கள் என்று கூறிவிட்டு உறங்கச் செல்கிறாள். பிச்சைக்கு வந்தவளிடம் அவள் காண்பது திக்கற்ற ஒரு பெண்ணை. வீட்டில் பேச்சுத்துணை கிடைத்ததை எண்ணி மகிழ்கிறாள்; அவள் சொல்லும் கதையை விரும்பிக் கேட்கிறாள். ஒரே வீட்டில், ஒரே நாட்களில், ஒரே பெண்ணைக் குறித்து இரண்டு கதைகள் நிகழ்கின்றன. கணவனின் கதை பேய்க்கதை. மனைவியின் கதை நடப்பியல் கதை. அது எழுதப்படாத கதை. அதன் இறுதி வாக்கியம் மட்டுமே நமக்குக் கிடைக்கிறது.

ஒரு மாணவியின் வினா

அயல்நாட்டில் ஆய்வுப் பட்டம் முடித்துத் திரும்பிய புதிதில் இக்கதையைத் தொதொரோவின் கொள்கைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக நான் கற்பித்துவந்தேன். கரும்பலகையில் இரண்டு பத்திகள் வரைவேன். பேய் என்பதற்கான சான்றுகள் இடப்பக்கம். மனமயக்கம் என்பதற்கான சான்றுகள் வலப்பக்கம். இரண்டும் சமமாக அமைவதைக் காட்டி, இதுவே தயக்கம் என்று முடிப்பேன். மாணவர்களும் அதனை எழுதிக்கொள்வார்கள். விடைத்தாளில் அது பிழையின்றித் திரும்பிவரும்.

ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லவிருந்த மாணவி ஒருவர் ஒருநாள் வகுப்பு முடியும் வேளையில் கேட்டார்: “காஞ்சனை பேய் இல்லையென்றால், அன்றைக்கு ராத்திரி அவள் எங்கே போயிருப்பாள் ஐயா?”

கதை அதைக் கூறவில்லை என்றும், கூறாமையே மாயப்புனைவின் இலக்கணம் என்றும் விடையளித்தேன். அவர் தலையசைத்துவிட்டு அமர்ந்தார். அன்று மாலை அந்த வினாவை மீண்டும் எண்ணிப் பார்த்தபோதுதான் என் விடையின் வறுமை எனக்கு விளங்கிற்று. இரண்டு பத்திகளையும் நான் எடையிட்டேனேயன்றி, ஒவ்வொரு பத்திக்கும் என்ன விலை கொடுக்க வேண்டியுள்ளது என்று கேட்கவில்லை.

காஞ்சனை பேய் என்று கொண்டால், மனைவியின் இரக்கம் பேதைமையாகிவிடும். கணவனின் அச்சம் அவள் உயிரைக் காத்திருக்கிறது. காஞ்சனை பேயில்லை என்று கொண்டாலோ, சோறும் இடமும் கிடைத்த ஏழைப்பெண் ஒருத்தி ஓர் ஆணின் கற்பனையால் நள்ளிரவில் தெருவுக்குத் திரும்பியிருக்கிறாள். அவளைப் பேய் என்று எழுதி, அதனையும் அவன் கதையாக்கிவிட்டான். மனைவியின் இறுதிச் சொல்லுக்கு அவனிடம் விடையில்லாமற்போனதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம். ‘முடிவுசெய்ய இயலாமை’ என்னும் சொற்றொடர் அறிவுத்துறைச் சொல்லாக இருக்கும்வரை அதில் யாருக்கும் வலியில்லை. காஞ்சனை எங்கே போனாள் என்று கேட்கும்போதுதான் அத்தயக்கம் அறத்தயக்கமாகிறது.

இதனைப் பெண்ணியப் படிப்பினையாக முடித்துவிடும் ஆவல் நமக்கு எழக்கூடும். அதுவும் பொருந்தாது. கழுத்தில் கண்ட குருதி அந்த முடிவைத் தடுக்கிறது. தெருவில் வந்தவன் அதனை இன்னும் வலுவாகத் தடுக்கிறான். கணவனின் மனத்துக்குள் மட்டும் நிகழ்ந்ததாக வைத்துக்கொண்டால் இவ்விரண்டையும் நாம் கதையிலிருந்து பிடுங்கி எறிய வேண்டியிருக்கும். காஞ்சனையைப் பேயென்று தள்ளவும் பெண்ணென்று ஏற்கவும் விடாமல் கதை நம்மைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனாற்றான் மறுவாசிப்பிலும் அச்சம் குறைவதில்லை.

நீலியின் நிழல்

இக்கதையமைப்புக்குத் தமிழிலேயே ஒரு முன்னோடி உண்டு. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாக வழங்கும் நீலி கதையே அது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பழிவாங்கப் பேயாக வருகிறாள். மனைவி வடிவில், இடுப்பில் குழந்தையோடு வணிகனைத் தொடர்கிறாள். அவள் பேய் என்று அவன் முறையிடுகிறான். அவ்வூர் வேளாளர் எழுபதின்மர் கூடி விசாரிக்கின்றனர். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது கைக்குழந்தையோடு நிற்கும் மனைவி. அவளைக் கைவிடப் பார்க்கும் கணவன். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்களித்து அவனை அவளோடு அனுப்புகின்றனர். மறுநாள் அவன் இறந்துகிடக்கிறான். எழுபதின்மரும் தம் வாக்கின்படி தீப்புகுந்து மாய்கின்றனர்.

அந்த அவையின் இக்கட்டும் ‘காஞ்சனை’ வாசகரின் இக்கட்டும் ஒன்றே. ‘இவள் பேய்’ என்கிறான் ஆண். பெண்ணைத்தான் காண்கிறார்கள் மற்றவர்கள். எதனை நம்புவது? பழையனூரார் இரக்கத்தின் பக்கம் நின்றனர், தவறினர், அத்தவற்றுக்கு உயிரையே ஈடாகத் தந்தனர். அவர்கள் ஏமாந்தவர்கள் என்று மரபு எள்ளவில்லை. வாக்குத் தவறாதவர்கள் என்று போற்றுகிறது. அதே வேளையில், பேயாக வந்தவள் ஒருகாலத்தில் கொலையுண்ட பெண் என்பதையும் மறைக்கவில்லை.

வேறுபாடு ஒன்று உண்டு. நீலி கதையைக் கேட்பவருக்கு அவள் பேய் என்பது தொடக்கத்திலேயே தெரியும். அவையோருக்கு மட்டுமே தெரியாது. புதுமைப்பித்தன் கேட்பவரின் அந்த வசதியைப் பறித்துவிட்டார். வாசகரையும் எழுபதின்மருள் ஒருவராக அமர்த்திவிட்டார். அவருடைய புதுமை இங்கேதான் உள்ளது என்பது என் துணிபு. மேலைக் கொள்கையைக் கொண்டு ‘காஞ்சனை’யை அளக்கலாம், ஆனால் அதன் வேரைக் காண நீலியிடம் செல்ல வேண்டும்.

நம் மாணவர்க்கு இந்த வேர் அயலானதன்று. மகப்பேற்றின்போது இறந்த பெண் பொந்தியானாக் ஆவாள் என்னும் மலாய் நம்பிக்கை அவர்கள் அறிந்ததே. சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1957ஆம் ஆண்டு ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்த் திரைப்படத்தை வெளியிட்டபோது அதனை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. துன்புற்று இறந்த பெண்ணே அஞ்சத்தக்கவளாகத் திரும்பிவருகிறாள் என்னும் எண்ணம் இரு மரபுகளுக்கும் பொதுவாக இருப்பதை மாணவர் தாமே கண்டறிவர்.

மேலும் சில கதைகள்

‘காஞ்சனை’ அச்சத்தின்பாற்பட்டது என்றால், மருட்கையின்பாற்பட்ட கதைகளுக்கும் புதுமைப்பித்தனிடமே தொடங்கலாம். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் ஒருவர் சென்னைத் தெருமுனையில் கடவுளைச் சந்திக்கிறார். காப்பிக் கடையில் சிக்கரித்தூள் கலந்த காப்பியைக் குடிக்கும் கடவுளிடம், அச்சுவை அவருடைய திருவிளையாடல் அன்று, கடைக்காரனுடையது என்று பிள்ளை தெளிவுபடுத்துகிறார். ஆயுள் சந்தா கட்டச் சொல்லும் பிள்ளையிடம் யாருடைய ஆயுளுக்கு என்று கடவுள் கேட்கிறார். பெருமைக்குரியதைச் சிறுமையாக்கிக் காட்டும் மருட்கை இது. கடவுளைச் சிறுமைப்படுத்தியதாக இதனைப் படிப்பவர் கதையின் பாதியையே படித்தவராவார். பிள்ளையின் வீட்டில் குழந்தையோடு விளையாடும் கடவுளைக் காணும்போது, மனிதரோடு வாழ இயலாத கடவுளின் தனிமையும் வெளிப்படுகிறது.

ஆக்கம் என்னும் நிலைக்களனுக்குச் ‘சாபவிமோசனம்’ பொருந்தும். கல்லாயிருந்த அகலிகை பெண்ணாவது பழைய கதை. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் இராமன் என்று கேட்டு மீண்டும் கல்லாவது புதிய கதை. மாயம் இல்லாவிடில் இக்கதைக்கு முடிவே இல்லை. கல்லாதல் என்னும் ஒன்றைத் தவிர அகலிகைக்கு வேறு விடை இல்லாதபடி நடப்பியல் அடைபட்டுவிட்டது. மௌனியின் ‘அழியாச்சுடர்’ கதையில் கோயில் தூணின் யாளி உயிர்பெற்றதாகத் தோன்றும் கணமும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

ஜெயமோகனின் கதைகளுள் இரண்டைப் பரிந்துரைக்கிறேன். ‘டார்த்தீனியம்’ என்னும் குறுநாவலில் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கரிய செடியொன்று சிறிது சிறிதாக அக்குடும்பத்தையே இருளாக்கிவிடுகிறது. அச்செடி எதனைக் குறிக்கிறது என்று வகுப்பில் உடனே கேட்காதிருப்பது நன்று. மற்றொன்று ‘மாடன் மோட்சம்’. படையலின்றிப் பசித்துக்கிடக்கும் கிராமத்துக் காவல் தெய்வம் கடைசியில் முறைப்படி பிரதிட்டை செய்யப்பட்டுச் சர்க்கரைப் பொங்கலோடு அடங்கிப்போகிறது. சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பால்மரத்தடி முனியாண்டிகளும் காளிகளும் இடம்பெயர்ந்ததையும், சுருட்டும் சாராயமும் ஏற்றவை ஆகமக் கோயில்களில் சைவம் ஆனதையும் கண்ட மலேசிய வாசகர் அக்கதையை வேறு யாரையும்விட நெருக்கமாக உணர்வர். குமரிநாட்டுப் பின்னணியில் எழுந்த கதை நம் வரலாற்றையும் பேசுகிறது.

அறிவியல் புனைகதையில் நாட்டமுள்ள மாணவர்க்குச் சுஜாதாவின் ‘திமலா’வும், ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுதியும் ஏற்றவை. முன்னது எதிர்காலத்துத் திருமலைப் பயணத்தைக் கூறுவது. பின்னது நம் மரபறிவிலிருந்து அறிவியல் கற்பனையைத் தொடங்க முயல்வது. சுஜாதாவிடம் விரைவும் வியப்பும் மிகுதி. ஆயின் வியப்பு இறுதி வரியோடு தீர்ந்துவிடும் கதைகளும் அவரிடம் பல உண்டு. மறுவாசிப்புக்குத் தாங்குமா என்பதே இவ்வகைக் கதைகளைத் தேர்வதற்கு நாம் கொள்ளத்தக்க அளவுகோல்.

கற்பித்தல் குறித்து

அனுபவத்தின் அடிப்படையில் சிலவற்றைக் கூற விழைகிறேன். முதலாவது, இக்கதைகளை முதன்முறை வாய்விட்டுப் படித்துக்காட்டுதல் வேண்டும். அச்சம் மெய்ப்பாடு, மெய்யில் தோன்றிய பிறகே அதனை ஆராய இயலும். இரண்டாவது, ‘பேய் உண்டா’ என்று வாக்கெடுப்பு நடத்துவதைத் தவிர்த்து, ‘பேய் என்று கொண்டால் யாருக்கு என்ன ஆகிறது, இல்லையென்று கொண்டால் யாருக்கு என்ன ஆகிறது’ என்று கேட்கலாம். மூன்றாவது, தம் பாட்டியரிடம் கேட்ட கதையொன்றை எழுதிவரச் சொல்லலாம். லயத்து வீடுகளிலும் செம்பனைக் காட்டோரங்களிலும் வழங்கிய கதைகள் அவற்றைச் சொன்ன தலைமுறையோடு மறைந்துகொண்டிருக்கின்றன. நான்காவது, தேர்வில் படிப்பினையைக் கேட்டே ஆகவேண்டும் என்னும் நிலையில், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளுக்கும் முழு மதிப்பெண் வழங்க அணியமாக இருத்தல் வேண்டும்.

மூடநம்பிக்கை வளரும் என்னும் அச்சத்துக்கும் ஒரு விடை உண்டு. எதனையும் விரைந்து நம்புபவன் ‘காஞ்சனை’யைச் சுவைக்க இயலாது, எதனையும் விரைந்து மறுப்பவனும் சுவைக்க இயலாது. சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவைத் தள்ளிப்போடும் பொறுமையை இக்கதைகள் பழக்குகின்றன. அது பகுத்தறிவுக்குப் பகையன்று.

முடிவுரை

அமானுடக் கதைகள் வாழ்விலிருந்து தப்பி ஓடுவன என்பது பழைய குற்றச்சாட்டு. ‘காஞ்சனை’ நம்மை வீட்டு வாசலிலேயே நிறுத்துகிறது. வாசலில் நிற்பவள் யார் என்று முழுமையாக அறியாமலேயே உள்ளே அழைப்பதா, கதவை அடைப்பதா என்று முடிவுசெய்ய வேண்டிய நிலை நம் அனைவர்க்கும் வாய்க்கக்கூடியது. பழையனூரார் ஒருவகையில் முடிவு செய்தனர். புதுமைப்பித்தனின் எழுத்தாளன் மற்றொரு வகையில் முடிவு செய்தான்.

அந்த மாணவி இப்போது ஆசிரியராகப் பணியாற்றுகிறார். அவருடைய வினாவுக்கு இன்றும் என்னிடம் விடையில்லை. இப்போதெல்லாம் கரும்பலகையில் இரண்டு பத்திகள் வரைவதில்லை. கதையைப் படித்து முடித்தபின் அவ்வினாவை மட்டும் எழுதிவிட்டு மாணவர் பேசக் காத்திருக்கிறேன்.